ஏரி சாய்ந்த இரண்டு நாள்

வடக்குத் தீவு
மார்ச் 4

அக்காவுக்கு,

பதினோரு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்கத்தான் நினைத்தேன். விசாரிக்கிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படகுக்காரர் இன்று தபாலோடு ஒரு சேதியும் கொண்டுவந்தார். "உங்கக்கா இப்ப மதகுல இல்லீங்களே, வீட்டையும் காலி பண்ணிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும் என்பது போலத் தலையாட்டிவிட்டேன். அவர் போன பிறகு கரைக் கட்டையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கே தங்கியிருக்கிறாய்? விலாசம் தெரியாததால் இதை அலுவலகத்துக்குத்தான் போடுகிறேன்.

ஆலாப் பறவைகள் வந்துவிட்டன. மணல்திட்டில் இன்று நூற்று நாற்பது ஜோடி எண்ணினேன். போன வருஷம் இதே நாளில் நூற்றுத் தொண்ணூறு. திட்டு தண்ணீருக்கு மேல் முழங்கால் உயரம்கூட இல்லை. அதில் ஒரு குழியைப் பறித்து வெறும் மணலிலேயே முட்டையிடுகின்றன. கூடு என்று சொல்ல ஒரு குச்சி கிடையாது. நீ ஒரு முறை இங்கே வந்தபோது, "வீடு கட்டச் சோம்பல், ஆனா ஏரி பார்த்த மனை வேணும்" என்று சிரித்தாய்.

என் அறிக்கையின் பேரில் வந்த தற்காலிக ஆணை இந்தப் பருவம் நடைமுறையில் இருக்கிறது. முட்டையிடும் மாதங்களில் தண்ணீர் அளவுப் பலகையில் போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. திட்டுக்கு அருகில் மோட்டார் படகு வரக் கூடாது. இதை நிரந்தரமாக்கலாமா என்று ஏப்ரல் 24 அன்று கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். அறிக்கை எழுதியதற்கு வருந்துகிறேன் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. போன வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு கூடுகள் இரண்டே நாளில் தண்ணீரில் போயின, அக்கா. அதை யாராவது எழுதத்தானே வேண்டும்?

இங்கே கைபேசி எடுக்காது. வயர்லெஸ்ஸில் பேசினால் அலுவலகம் முழுக்கக் காது வைத்துக் கேட்கும். அதனால்தான் கடிதம். படகு புதனும் சனியும் வருகிறது.

தம்பி


தெற்குக் கரை
மார்ச் 10

கொக்கு,

'அன்புள்ள' என்று நீ போடவில்லை. நானும் போடவில்லை. சரிக்குச் சரி.

எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டாய். கடைத்தெருவில் ஒரு தையற்கடை மாடியில். காலை எட்டு மணிக்குக் கீழே ஆறு மெஷின்களும் ஓட ஆரம்பிக்கும். தரை அதிரும், டம்ளரில் தண்ணீர் அதிரும், பல்லும் கொஞ்சம் அதிரும். பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். பதினோரு வருஷம் விடியற்காலை ஐந்து மணிக்கு அளவுப் பலகையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதியவள் நான். இப்போதும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முகம் கழுவி, தலை வாரி, செருப்பு வரைக்கும் போட்டுவிட்டுத்தான் போவதற்கு இடமில்லை என்று நினைவு வருகிறது. பிறகு சுவரில் இருக்கிற ஈரக் கறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மழை பெய்தால் அதுவும் ஏறத்தான் செய்கிறது.

விசாரணை எப்படி நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். நீண்ட மேஜை, எட்டுப் பேர். உன் அறிக்கையை ஒருத்தர் நின்றுகொண்டு வாசித்தார். 'மதகுப் பணியாளர் வெளியாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி மதகைத் தாழ்த்திவிட்டு, நீர்மட்டம் இறங்கியதாகப் பதிவேட்டில் பொய்யாக எழுதியிருக்கிறார்.' நல்ல கையெழுத்து உனக்கு, வாசிக்க அவருக்குச் சிரமமே இல்லை. "யாரும்மா அந்த வெளியாரு?" என்று ஓரத்தில் இருந்தவர் கேட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நாற்பத்தாறு வயதில் தனியாக இருக்கிற பெண்ணிடம் அந்தச் சிரிப்போடு அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் விளக்க வேண்டாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அலுவலக வாய்க்கும் கிடையாது.

படகுத்துறை முதலாளிகள் ஏரி தளும்ப வேண்டும் என்று கேட்டு என்னிடம் வந்தது உண்மை. நாற்காலிகூடப் போடாமல் நிற்க வைத்துப் பேசி அனுப்பினேன் என்பதும் உண்மை. அதை நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சாவியை வாங்கிக்கொண்டு என்னை ஆவண அறைக்கு மாற்றினார்கள். ஐம்பது வருஷத்துப் பதிவேடுகளும் ஓர் ஏணியும் தும்மலும்தான் துணை. புதிதாக வந்த மதகுக்காரர் நல்ல மனிதர். எழுத்தில் உத்தரவு வராமல் ஒரு திருகுகூடத் திருக மாட்டார்.

உன் ஆலாக்கள் வந்தது சந்தோஷம். நான் பொய் எழுதினேன் என்று நீ இன்னும் நம்புகிறாயா? அதை மட்டும் எழுது. மற்ற எதுவும் வேண்டாம்.

அக்கா


வடக்குத் தீவு
மார்ச் 14

அக்கா,

அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. அதற்காக மன்னித்துக்கொள். 'வெளியார்' என்று எழுதியபோது நான் படகுத்துறைக்காரர்களை நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

ஆனால் நீ கேட்ட கேள்விக்கு நேர்மையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டு நாளில் என் பலகையில் தண்ணீர் பத்தொன்பது சென்டிமீட்டர் ஏறியது. என் கண்ணால் பார்த்தேன். வயர்லெஸ்ஸில் உன்னைக் கூப்பிட்டேன், நினைவிருக்கிறதா? "திற, அக்கா, எல்லா ஷட்டரையும் திற" என்று கத்தினேன். நீ, "இங்க தண்ணி இறங்கிட்டிருக்குடா, குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ போயிடுச்சு, விதிப்படி நான் மூடணும்" என்றாய். பிறகு உன் பதிவேட்டைப் பார்த்தேன். 'ஏழு சென்டிமீட்டர் இறக்கம்' என்று இருந்தது. ஒரே ஏரி. ஒரே தண்ணீர். ஒரு பாத்திரத்தில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குமா? நீயே சொல்.

அந்த இரண்டு நாள் நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். ஒரு பிளாஸ்டிக் வாளியில் முட்டைகளைப் பொறுக்கினேன். எங்கே கொண்டு வைப்பது? தீவில் வைத்தால் தாய்ப்பறவை வராது. இருந்தும் பொறுக்கினேன், சும்மா நிற்க முடியவில்லை. அவை என் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. நான்தான் திருடுகிறேன் என்று நினைத்துக் கொத்தின. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். ஆலாவுக்கு அந்தச் சாண்தான் எல்லாம். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது வாளியில் நூற்றுப் பதினேழு முட்டைகள் இருந்தன. எல்லாம் ஆறிப்போய்க் கல்லாட்டம் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் புதைத்துவிட்டு, அதே கையோடு உட்கார்ந்து அந்த அறிக்கையை எழுதினேன்.

நீ பொய் சொல்லக்கூடியவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எண்கள் அப்படித்தானே சொல்கின்றன?

தம்பி


வடக்குத் தீவு
மார்ச் 25

அக்கா,

மூன்று படகு வந்துபோயிற்று. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. படகுக்காரர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுகிறார், நான் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டாமே என்று.

சமைத்ததை இரண்டு வேளைக்கு வைத்துச் சாப்பிடுகிறேன். நேற்று வயர்லெஸ்ஸில் அலுவலகத்தில் யாரோ இருமினார்கள். அதைக் கேட்கவே இதமாக இருந்தது. கோபம் என்றாலும் எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


வடக்குத் தீவு
ஏப்ரல் 1

அக்கா,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை தெற்கிலிருந்து காற்று எழுந்தது. நல்ல காற்று, இரண்டு நாள் ஒரே மூச்சாக அடித்தது. ஞாயிறு மாலைக்குள் என் பலகையில் பதினாறு ஏறிவிட்டது. வயர்லெஸ்ஸில் புது மதகுக்காரரைக் கூப்பிட்டேன். ரொம்ப மரியாதையாக, "சார், இங்க ஆறு இறங்கியிருக்குங்க" என்றார். கோபத்தில் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இவரையும் படகுத்துறைக்காரர்கள் மடக்கிவிட்டார்களா என்றுதான் முதலில் நினைத்தேன். பாரேன் என் புத்தியை.

பிறகுதான் உறைத்தது. அந்த மனிதருக்கு என்னோடு வழக்கும் இல்லை, வாய்க்காலும் இல்லை. அவர் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? வெளியே வந்து நின்றேன். நாணல் எல்லாம் வடக்கே பார்த்துப் படுத்திருந்தது. காற்று என் முதுகில் கை வைத்துத் தள்ளியது. அது என்னைத் தள்ளுகிறதென்றால் தண்ணீரைத் தள்ளாதா? அறுபது கிலோமீட்டர் நீள ஏரி. எங்கும் இரண்டு ஆள் ஆழம்தான். காற்று மொத்தத் தண்ணீரையும் உன் கரையிலிருந்து என் கரைக்கு ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. அங்கே இறங்கும், இங்கே ஏறும். காற்று நின்றதும் திரும்பிப் போய்விடும். திங்கட்கிழமை காலை அப்படித்தான் போயிற்று.

போன வருஷ நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் காற்றுக்கு ஒரு தனிக் கட்டம் இருக்கிறது, உனக்குத் தெரியும். தினமும் மூன்று வேளை நிரப்ப வேண்டும். அந்த இரண்டு நாளும் அது காலி. நான் வாளியோடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். முதுகில் அடித்த காற்றை எழுத மறந்துவிட்டு, உன் பதிவேட்டில் பொய் தேடினேன். நீ எழுதிய ஏழும் உண்மை. நான் எழுதிய பத்தொன்பதும் உண்மை. என் அறிக்கைதான் பொய்.

இந்த முறை முப்பத்தொரு கூடுகள் போயின. எல்லாம் சிவப்புக் கோட்டை நம்பித் தாழ்வில் வைத்தவை. அந்தக் கோட்டைக் காற்றைக் கணக்கில் எடுக்காமல் போட்டவனும் நான்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது நான் அறிக்கையைத் திரும்பப் பெற்றால் ஆணை நிற்காது. பணியாளரின் குற்றத்தைத் தடுக்கத்தான் அந்த ஆணையே வந்தது. குற்றமே இல்லை, காற்றுதான் காரணம் என்றால், துறைக்காரர்களின் வக்கீல் ஒரே மூச்சில் அதை ஊதித் தள்ளிவிடுவார். படகும் வரும், தண்ணீரும் தளும்பும். இருபத்துநாலாம் தேதி கூட்டம். நான் என்ன செய்யட்டும், அக்கா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி


தெற்குக் கரை
ஏப்ரல் 7

தம்பிக்கு,

நான் சொல்கிறபடி செய்கிறாயா? ஆட்டை வெட்டிவிட்டு, கறியை எப்படிப் பங்கு போடலாம் என்று அந்த ஆட்டிடமே கேட்கிற கதையாக இருக்கிறது. நீயாக ஒன்று எழுதியபோது என்னைக் கேட்டாயா? இப்போது மட்டும் என்ன?

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். ஜூலையிலிருந்தே தெரியும். ஆவண அறையில் தூசி தட்டும்போது முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பதிவேடு கையில் கிடைத்தது. அப்போது மதகில் இருந்தவர் யாரோ, ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: 'தெற்குக் காற்று இரண்டாம் நாள். இங்கே இறக்கம், வடக்கே ஏற்றம். ஏரி சாய்ந்தது.' ஏணியில் உட்கார்ந்து அழுதேன். வேறு யார் இருக்கிறார்கள் அந்த அறையில், வெட்கப்பட? பிறகு ஒவ்வொரு வருஷமாக எடுத்துப் பார்த்தேன். இரண்டு கரை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அப்பட்டமாகத் தெரிகிறது. மார்ச் கடைசியில் ஒரு முறை, மே இரண்டாம் வாரம் ஒரு முறை. பத்து வருஷத்தில் எட்டு வருஷம் அப்படித்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீயாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இருந்தேன். எட்டுப் பேரில் யாராவது என்னை நம்பியிருந்தால் எனக்குப் பெரிதாக இருந்திருக்காது. நீ ஒருத்தன் நம்பியிருந்தால் போதும் என்று இருந்தது. உன்னிடம் ஆதாரத்தைக் காட்டி நம்ப வைப்பது எனக்குக் கேவலமாகப் பட்டது. அம்மா இருந்திருந்தால், "உங்க ரெண்டு பேருக்கும் மூக்கு மேல கோவம், அதுல என் மூக்குதான் அறுபடுது" என்றிருப்பாள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நீ விசாரிக்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அக்கா


வடக்குத் தீவு
ஏப்ரல் 11

அக்கா,

ஜூலையிலிருந்தே தெரியும் என்கிறாய். நான் முதலில் படித்தபோது வரி தவறிப் படித்துவிட்டேனோ என்று திரும்பப் படித்தேன்.

ஆணை வந்தது நவம்பரில். சிவப்புக் கோட்டைப் போட்டது டிசம்பரில். நீ ஒரு வரி எழுதியிருந்தால் கோட்டை இருபது சென்டிமீட்டர் கீழே போட்டிருப்பேன். அந்த முப்பத்தொரு கூடும் இருந்திருக்கும். என் மேல் கோபம் என்றால் என்னை அடித்திருக்கலாம். அவை உனக்கு என்ன செய்தன?

எழுதிவிட்டேன். அடிக்க மாட்டேன். நீயும் கொஞ்சம் சுமந்துகொள்.

இதோடு இன்னொரு உறை இருக்கிறது. அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதம். மதகுப் பதிவேட்டில் இருந்தது உண்மை, பிழை என்னுடையது என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. அந்த வாரம்தான் குஞ்சு பொரிக்கிறது. நான் திட்டுக்கு எதிரே படகில் உட்கார்ந்திருந்தால்தான் பருந்து இறங்குவதில்லை. மாற்று ஆள் கேட்டேன், இல்லை என்றார்கள். உனக்குச் சரி என்று பட்டால் இதைக் கூட்டத்தில் கொடு. வேண்டாம் என்றால் கிழித்துப்போடு. இரண்டில் எதுவானாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தம்பி


தெற்குக் கரை
ஏப்ரல் 17

தம்பி,

உன் உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

முப்பத்தொரு கூடு விஷயத்தில் நீ சொன்னது சரி. மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு எதைத் தண்டித்திருக்கிறேன் என்று. அது என்னுடையது, நான் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் இது உன்னுடையது. உறையின் மேல் யார் விலாசத்தை எழுதியிருக்கிறாய், பார். என் விலாசம். என்னைப் பொய்க்காரி என்று எழுதியபோது நேரே அலுவலகத்துக்கு எழுதினாய். இல்லை என்று எழுதும்போது மட்டும் தூது நான் போகவேண்டுமா? 'இதோ பாருங்கள், நான் நல்லவள் என்று என் தம்பி எழுதிக் கொடுத்திருக்கிறான்' என்று அந்த எட்டுப் பேரிடம் நீட்டவேண்டுமா? கொடுத்தால் ஆணையைக் கெடுத்தவள் நான். கிழித்தால் உண்மையை மறைத்தவள் நான். எப்படிப் பார்த்தாலும் நீ தீவில் பத்திரமாக உட்கார்ந்திருப்பாய்.

பருந்து இறங்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வா என்று நான் சொல்ல மாட்டேன். வராமல் இருந்தால் அதன் பிறகு எனக்கு எழுதாதே. அவ்வளவுதான்.

அக்கா


தெற்குக் கரை
ஏப்ரல் 27

கொக்கு,

கூட்டத்தில் நான் இருந்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். நீ பார்க்கவில்லை.

உன்னைப் பார்த்ததும் முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். எவ்வளவு கறுத்துவிட்டாய்! சட்டை தோளில் தொங்குகிறது. செருப்பில் ஒட்டிய சேற்றோடு அந்த மினுக்குத் தரையில் நடந்து வந்தாய், பின்னால் தடம் விழுந்தது. தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்து, பாதியில் மடித்துப் பையில் போட்டுவிட்டு வாயாலேயே சொன்னாய். "அவங்க எழுதின ஒவ்வொரு எண்ணும் உண்மை. பொய்யி நான் எழுதினது." துறைக்காரர்கள் பக்கம் ஒருத்தன், "பறவைக்காரருக்கே காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியலையாம்டோய்" என்றான். சபையே சிரித்தது. நீ சிரிப்பு அடங்கும் வரை நின்றுவிட்டு, "ஆமாங்க, தெரியலை" என்று சொன்னாய். எனக்கு அந்த இடத்தில் எழுந்து போய் அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

கூட்டம் முடிந்ததும் நீ வாசலில் நின்று யாரையோ தேடினாய். என்னைத்தான் என்று தெரியும். நான் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன். அந்த எட்டுப் பேர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. நீ மன்னித்துக்கொள்.

நீ படகு ஏறிய பிறகு வந்த முடிவு இது. ஆணை ரத்து. இரண்டு கரையிலும் ஒரு வருஷம் காற்றோடு சேர்த்து அளந்து வந்தால் புது ஆணை பற்றி யோசிப்பார்களாம். அதுவரை மதகு பணியாளரின் பொறுப்பில். என் மேலிருந்த குற்றத்தை நீக்கிவிட்டார்கள். இன்று காலை ஐந்து மணிக்குச் சாவி என் கைக்குத் திரும்ப வந்தது.

மே இரண்டாம் வாரம் காற்று வரும் என்று பதிவேடுகள் சொல்கின்றன. அப்போது உன் குஞ்சுகளுக்குப் பறக்க வராது, இல்லையா? ஷட்டரைத் தூக்கினாலும் இந்த ஏரி ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. காற்று வந்த பிறகு திறப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. அதனால் இன்றே இரண்டு ஷட்டரைத் தூக்கிவிட்டேன். யாரும் உத்தரவு போடவில்லை. துறைக்காரர்கள் நாளைக்கே வந்து குதிப்பார்கள், குதிக்கட்டும்.

நீ இல்லாத மூன்று நாளில் திட்டில் என்ன ஆயிற்று? பயந்துகொண்டேதான் கேட்கிறேன்.

அக்கா


தெற்குக் கரை
மே 9

கொக்கு,

பருந்து பத்தொன்பது குஞ்சுகளைக் கொண்டுபோனது என்று எழுதியிருந்தாய். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருக்கலாம்.

நேற்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் என் கையில் இருந்தது. தண்ணீரைக் காரணமில்லாமல் இறக்கிவிட்டேன் என்று புகார். படகெல்லாம் சேற்றில் நிற்கிறதாம். "மே ரெண்டாம் வாரம் காத்து வரும்" என்றேன். "வானிலை நிலையம் அப்படி ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார் இன்ஜினியர். பழைய பதிவேட்டைக் காட்டினேன். பென்சில் எழுத்து சாட்சி ஆகாதாம். மறுபடி ஆவண அறை, மறுபடி ஏணி.

ஷட்டரை இன்று மூடிவிட்டார்கள். ஆனால் மூடினால் தண்ணீர் உடனே ஏறிவிடாது. நான் இறக்கியது பதினொன்று. எழுதிக்கொள். காற்று வராவிட்டால் நான் கிறுக்கச்சி என்று ஊர் முடிவு கட்டிவிடும். வந்தால் அந்தப் பதினொன்று போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் ஜன்னலில் நின்று எதிர்க் கடையில் தொங்கும் துணி ஆடுகிறதா என்று பார்க்கிறேன். இன்று ஆடவில்லை.

அக்கா


வடக்குத் தீவு
மே 13

அக்கா,

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காற்று எழுந்தது. தெற்கிலிருந்து. கட்டத்தை நிரப்பினேன். அன்று முழுக்க மணிக்கொரு முறை நிரப்பினேன்.

குஞ்சுகள் எல்லாம் திட்டின் உச்சிக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக்கொண்டன. பறக்க வரவில்லை, இன்னும் பத்து நாளாவது ஆகும். நான் படகில் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஏறியது, ஒன்பது ஏறியது, பதினான்கு ஏறியது. வாளியை நான் எடுத்துவரவில்லை. எடுத்துவந்தால் நடந்துவிடும் என்று ஒரு பயம். நேற்று மதியம் பதினெட்டில் நின்றது. அலை திட்டின் விளிம்பை நனைத்தது, மேலே ஏறவில்லை. உச்சிக்கு இன்னும் ஏழு இருந்தது. நீ இறக்கிய பதினொன்றை அந்தத் தண்ணீரின் மேல் ஏற்றிப் பார்த்தேன். அதற்கு மேல் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

இதே படகில் அலுவலகத்துக்கும் ஒரு அறிக்கை போகிறது. காற்று எப்போது எழுந்தது, எவ்வளவு ஏறியது, யார் முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னவரை என்ன செய்தார்கள், எல்லாம் எழுதியிருக்கிறேன். உறையில் அலுவலக விலாசம். சாவி உனக்குத் திரும்ப வரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. வராது என்றுதான் படகுக்காரர் சொல்கிறார். வராவிட்டால் மறுபடி போய் அந்தத் தரையில் நிற்பேன்.

இன்று காலை காற்று அடங்கியது. தண்ணீர் உன் பக்கம் திரும்பிப் போயிற்று. குஞ்சுகள் சிதறி நடக்க ஆரம்பித்ததும் எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. காற்றுக்கு முன்னால் இருந்ததும் அதே நூற்று நாற்பத்து மூன்றுதான், அக்கா.

யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. சுற்றிலும் அறுபது கிலோமீட்டர் தண்ணீர். வயர்லெஸ்ஸைப் போட்டு, அலுவலகம் முழுக்கக் கேட்கட்டும் என்று உன்னைக் கூப்பிட்டேன். அக்கா, அக்கா என்று இரண்டு முறை கூப்பிட்டேன். புது மதகுக்காரர் எடுத்து, "அவங்க இங்க இல்லீங்க சார்" என்றார்.

தம்பி